ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துவைக்கும் புரதம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1988-இல் வெளியானது. சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை தைமஸ் சுரப்பி இல்லாமல் பிறந்த சுண்டெலிகள். அந்நியத் திசுவை எதிர்க்கும் திறன் அவற்றின் உடலுக்குக் கிடையாது. ஒவ்வோர் எலியின் உடலிலும் இரண்டு மனிதக் கட்டிகள் வைத்து வளர்க்கப்பட்டன. ஒரு பக்கம் மார்பகப் புற்று. மறு பக்கம் கர்ப்பப்பையின் உட்சவ்வில் தோன்றிய புற்று. இரண்டுமே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கிடைத்தால் வளர்பவை. எலிகளுக்கு டமாக்சிஃபென் என்ற மருந்து கொடுக்கப்பட்டபோது மார்பகக் கட்டி அடங்கியது. கர்ப்பப்பைக் கட்டி அடங்கவில்லை, தொடர்ந்து வளர்ந்தது. ஒரே எலி, ஒரே ரத்தம், ஒரே மருந்து. ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு விளைவு.

மார்கோ கோட்டார்டிஸ், கிரெய்க் ஜோர்டன் ஆகியோர் செய்த சோதனை அது. அந்தக் கர்ப்பப்பைக் கட்டியைப் பென்சில்வேனியாவில் பி.ஜி. சத்யஸ்வரூப்பின் ஆய்வகம் வளர்த்துத் தந்திருந்தது. அப்போதே உலகெங்கும் ஏராளமான பெண்கள் மார்பகப் புற்றுக்காக டமாக்சிஃபென் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பப்பை இருந்தது. ஆகவே எலியின் உடலில் தெரிந்த முரண், ஆய்வகத்தோடு நின்றுவிடக்கூடிய விஷயமாக இருக்கவில்லை.

முதலில் நோயைச் சரியாக அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். நம் ஊரில் கர்ப்பப்பைப் புற்று என்றதும் பலர் நினைப்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றை. அது எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது, தடுப்பூசி இருக்கிறது. இந்த அத்தியாயம் பேசுவது வேறொன்றைப் பற்றி. கர்ப்பப்பையின் உள்ளே, மாதந்தோறும் வளர்ந்து உதிரும் எண்டோமெட்ரியம் என்ற சவ்வில் தோன்றுகிற புற்று அது. 2022-இல் உலகில் சுமார் 4,20,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை உடற்பகுதியின் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எண்டோமெட்ரியத்தில் தோன்றியவை. வைரஸ் ஏதும் இதற்குக் காரணமில்லை. பெண்ணின் உடல் தானே சுரக்கும் ஹார்மோனும், அதைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதமும்தான் பெரும்பாலான சமயங்களில் இதன் மையத்தில் இருக்கின்றன.

அந்தப் புரதம் முதலில் அகப்பட்டதே கர்ப்பப்பையில்தான். 1950-களில் ஈஸ்ட்ரோஜன் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், அது ஏதோ நொதி வினையில் பங்கெடுத்து உருமாறுகிறது என்பதே பெரும்பாலான விஞ்ஞானிகளின் பதில். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த எல்வுட் ஜென்சன் அந்த வழியை விட்டு வேறு வழியில் போனார். ஹார்மோன் என்ன செய்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அது எங்கே போகிறது என்று பார்ப்போம் என்பது அவர் எண்ணம். சக ஆய்வாளர் ஹெர்பர்ட் ஜேக்கப்சனுடன் சேர்ந்து, கதிரியக்க ஹைட்ரஜனான ட்ரிடியத்தை ஏற்றிய எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்தார். பருவமடையாத பெண் எலிகளுக்கு அதை நுண்ணிய அளவில் செலுத்தினார். ரத்தத்திலும் தசையிலும் கல்லீரலிலும் ஹார்மோன் வந்த வேகத்தில் குறைந்துபோனது. கர்ப்பப்பையிலும் பிறப்புறுப்புப் பாதையிலும் மட்டும் மணிக்கணக்கில் தங்கியது. எந்த ரசாயன மாற்றமும் அடையாமல் தங்கியது. அப்படியானால் அதைப் பிடித்துவைக்க அங்கே ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

1958-இல் வியன்னாவில் நடந்த ஒரு மாநாட்டில் ஜென்சன் இதைச் சொன்னபோது கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. பின்னர் அறிவியல் உலகம் அவர் வழிக்கு வந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்று பெயர்பெற்ற அந்தப் புரதத்தின் மரபணு 1986-இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1996-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஓகே குஸ்டாஃப்சனின் குழு இரண்டாவது ஏற்பியைக் கண்டுபிடித்தது. அதற்கு பீட்டா என்றும் பழையதற்கு ஆல்ஃபா என்றும் பெயர் நிலைத்தது. எண்டோமெட்ரியத்தின் வளர்ச்சியை நடத்துவது பெரும்பாலும் ஆல்ஃபாதான். ஜென்சனுக்கு 2004-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. அந்த அங்கீகாரம் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

ஏற்பி இருப்பது செல்லின் உட்கருவில். எஸ்ட்ரடையால் கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு என்பதால் செல்லின் சவ்வு அதற்குத் தடையில்லை. உள்ளே நுழைந்த ஹார்மோன் ஏற்பியில் பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. இரண்டு ஏற்பிகள் இணை சேர்ந்து டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் அமர்கின்றன. துணைப் புரதங்கள் வந்து கூடுகின்றன. செல் பிரிவதற்கு வேண்டிய மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. மாதவிடாய் முடிந்ததும் மெல்லிய படலமாக மிஞ்சியிருக்கும் எண்டோமெட்ரியம் இரண்டே வாரத்தில் பல மடங்கு தடிப்பது இப்படித்தான். மனித உடலில் இவ்வளவு வேகமாக, இவ்வளவு ஒழுங்காக, மாதந்தோறும் புதிதாக வளரும் திசுக்கள் அரிது.

ஈஸ்ட்ரோஜன் தூண்டிவிடும் மரபணுக்களில் ஒன்று புரொஜெஸ்டிரான் ஏற்பிக்கானது. புரொஜெஸ்டிரான்தான் இந்த வளர்ச்சியை நிறுத்தும் ஹார்மோன். அதாவது, தன்னை நிறுத்தப்போகும் ஹார்மோனுக்கான ஏற்பியை ஈஸ்ட்ரோஜனே முன்கூட்டித் தயாராக வைக்கிறது. கருமுட்டை வெளியானபின் சினைப்பை புரொஜெஸ்டிரானைச் சுரக்கிறது. அது வந்து அந்த ஏற்பியில் அமர்ந்ததும் செல் பிரிதல் நிற்கிறது. சுரப்பிகள் கருவை வரவேற்கும் நிலைக்கு முதிர்கின்றன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளின் எண்ணிக்கையும் குறைகிறது. கரு வராவிட்டால் மேற்சவ்வு முழுதும் உதிர்ந்து வெளியேறுகிறது. இந்த இணைப்பை நினைவில் வைத்துக்கொண்டால் நோயும் புரியும், சிகிச்சையும் புரியும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பிரிவது சுரப்பியின் செல். புற்றாக மாறுவதும் அதுவே. ஆனால் பிரியச் சொல்லும் ஆணை அதற்குள்ளேயே பிறப்பதில்லை. ஏற்பி உள்ள திசுவையும் இல்லாத திசுவையும் மாற்றி மாற்றி ஒட்டி எலிகளில் செய்த சோதனையில் இது தெரியவந்தது. பால் குக்கும் சகாக்களும் அதை 1997-இல் வெளியிட்டார்கள். சுரப்பிச் செல்லில் ஏற்பி இல்லாவிட்டாலும், அதைச் சுற்றியுள்ள தாங்குதிசுவில் ஏற்பி இருந்தால் போதும், ஈஸ்ட்ரோஜனுக்குச் சுரப்பிச் செல் பிரிந்தது. தாங்குதிசுவில் ஏற்பி இல்லையென்றால் பிரியவில்லை. புரொஜெஸ்டிரானின் தடையும் தாங்குதிசு வழியாகத்தான் வருகிறது: அங்கே ஹேண்ட்2 என்ற மரபணுவை அது இயக்குகிறது; அந்த மரபணு வளர்ச்சிச் சமிக்ஞைகளை அடக்குகிறது. எண்டோமெட்ரியப் புற்றில் இந்த ஹேண்ட்2 பெரும்பாலும் ரசாயன முத்திரை வைத்து மூடப்பட்டிருப்பதை 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது.

அடுத்தது, கேட்டவுடன் மனதைக் கலக்கும் ஒரு கண்டுபிடிப்பு. 2020-இல் பிரிட்டனின் வெல்கம் சாங்கர் ஆய்வு நிலையம், நோயில்லாத பெண்களின் எண்டோமெட்ரியத்திலிருந்து சுரப்பிகளைத் தனித்தனியே வெட்டியெடுத்து மரபணுத் தொடரைப் படித்தது. பாதிக்கும் மேற்பட்ட சுரப்பிகளில், புற்றை முன்செலுத்தும் வகையைச் சேர்ந்த திரிபு ஒன்றாவது இருந்தது. சில திரிபுகள் அந்தப் பெண்களின் இளவயதிலேயே தோன்றியவை. அதற்கு முன்பே, 2001-இல், ஜார்ஜ் மட்டரின் குழு மாதவிடாய் நிற்காத ஆரோக்கியமான பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் பி.டென் என்ற காவல் மரபணு செயலிழந்த சுரப்பிகளைக் கண்டிருந்தது.

ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று வருவதே இல்லை. திரிபு உள்ள செல் உட்கார்ந்திருப்பது மட்டும் போதாது. அது பெருக வாய்ப்பு வேண்டும். ஒவ்வொரு மாதமும் புரொஜெஸ்டிரான் வந்து வளர்ச்சியை நிறுத்தி, பிறகு சவ்வு உதிர்ந்துகொண்டிருக்கும்வரை அந்த வாய்ப்பு குறைவு. புரொஜெஸ்டிரான் வராமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஏற்பியில் அமர்ந்துகொண்டிருந்தால், பிரிதல் நிற்பதில்லை. பழுதுபட்ட சுரப்பிகளும் சேர்ந்து பெருகுகின்றன. சவ்வு தடிக்கிறது, பிறகு செல்கள் உருக்குலைகின்றன, பிறகு புற்றாகின்றன.

இதை உலகம் கற்றுக்கொண்ட விதம் வேதனையானது. கர்ப்பிணிக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரையான பிரெமரின், 1942 முதல் அமெரிக்காவில் விற்பனையில் இருந்தது. மாதவிடாய் நின்ற பெண்ணின் உடற்சூட்டுக்கும் வியர்வைக்கும் மட்டுமல்ல, இளமையைத் தக்கவைக்கவே அது வழி என்று 1960-களில் பிரச்சாரம் நடந்தது. லட்சக்கணக்கான பெண்கள் புரொஜெஸ்டிரான் சேர்க்காத ஈஸ்ட்ரோஜனை ஆண்டுக்கணக்கில் விழுங்கினார்கள். 1975 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஒரே இதழில் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. சியாட்டிலிலிருந்து வந்த ஆய்வு, இந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு எண்டோமெட்ரியப் புற்றின் அபாயம் 4.5 மடங்கு என்றது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஹாரி சீல், வில்லியம் ஃபிங்கிள் இருவரும் எழுதியது 7.6 மடங்கு என்றது. ஏழாண்டுகளுக்கு மேல் எடுத்தவர்களுக்கு 13.9 மடங்கு.

மருந்துச் சீட்டுகள் மளமளவென்று குறைந்தன. சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவில் இந்தப் புற்றும் குறையத் தொடங்கியது. பின்னர், கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் தந்தால் கூடவே புரொஜெஸ்டிரான் வகை மருந்தும் தர வேண்டும் என்பது விதியானது. 1990-களின் நடுவில் முடிந்த பெப்பி என்ற மூன்றாண்டுச் சோதனை அந்த விதி சரி என்று உறுதிசெய்தது: ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சவ்வு ஆபத்தான வகையில் தடித்திருந்தது, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களிடம் அது மிக அரிதாகவே இருந்தது.

இன்று பெரும்பாலான பெண்களுக்கு அந்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரையில் வருவதில்லை, உடலிலேயே வருகிறது. மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஓய்வெடுத்தாலும் அட்ரினல் சுரப்பி ஆண்ட்ரோஜன்களைச் சுரந்துகொண்டேயிருக்கும். கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் நொதி அவற்றை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். கொழுப்பு கூடக் கூட ஈஸ்ட்ரோஜனும் கூடும். அந்த வயதில் புரொஜெஸ்டிரானோ இல்லை. பருமனோடு வரும் இன்சுலின் மிகுதி, ரத்தத்தில் ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் குறைத்து, கட்டற்ற ஈஸ்ட்ரோஜனை இன்னும் அதிகமாக்கும். உடல் நிறை குறியீடு ஒவ்வோர் 5 அலகு ஏறும்போதும் இந்தப் புற்றின் அபாயம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. பருமனோடு இவ்வளவு நெருக்கமாகப் பிணைந்த புற்று வேறு அதிகமில்லை. இளம்பெண்களிடம் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, அதாவது பி.சி.ஓ.எஸ்., இதே நிலையை உண்டாக்கலாம்: கருமுட்டை வெளியாகாத மாதத்தில் புரொஜெஸ்டிரான் சுரப்பதில்லை. நான்கைந்து மாதம் மாதவிடாய் வராமல் இருப்பதை வசதி என்று விட்டுவிடக் கூடாது என்று மகப்பேறு மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் மிகை எடை அல்லது பருமன் உடையவர்கள்; முந்தைய சுற்றில் இது முப்பத்தொன்றுக்கு அருகில் இருந்தது. நம் மருத்துவமனைகள் இந்தப் புற்றை இனி அடிக்கடி சந்திக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

இனி டமாக்சிஃபெனுக்கு வருவோம். 1962-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் அதைத் தயாரித்தபோது தேடியது கருத்தடை மாத்திரையை. எலிகளில் அது கருத்தடை செய்தது. பெண்களிலோ கருமுட்டை வெளியாவதைத் தூண்டியது. கருத்தடைக்கு உதவாத மருந்து, 1973-இல் பிரிட்டனில் மார்பகப் புற்று மருந்தாக வெளிவந்தது. அது எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அது ஈஸ்ட்ரோஜன் அமரும் அதே பள்ளத்தில்தான் அமர்கிறது. ஏற்பியின் ஓரத்தில் பன்னிரண்டாவது சுருள் என்று ஒரு பகுதி உண்டு. எஸ்ட்ரடையால் அமர்ந்தால் அந்தச் சுருள் பள்ளத்தின்மேல் மடிந்து மூடும். மூடியதும் துணைப் புரதங்கள் வந்து ஒட்ட இடம் கிடைக்கும். டமாக்சிஃபென் மூலக்கூறுக்கு நீளமான ஒரு கிளை இருக்கிறது. குழம்புச் சட்டியில் கரண்டியைப் போட்டபடியே தட்டால் மூடப் பார்த்தால் தட்டு உட்காராது அல்லவா, அதுபோல அந்தக் கிளை வெளியே நீட்டிக்கொண்டு சுருளை மூடவிடாமல் தடுக்கிறது. இடம் மாறிப்போன சுருள், துணைப் புரதம் ஒட்ட வேண்டிய இடத்தையே அடைத்துக்கொள்கிறது. 1997, 1998 ஆண்டுகளில் எக்ஸ் கதிர்ப் படிகப் படங்கள் இதைக் கண்முன் காட்டின.

அப்படியானால் கர்ப்பப்பையிலும் அது தடுக்கத்தானே வேண்டும்? ஏற்பியின் மறுமுனையில் இன்னொரு செயல்பகுதி இருக்கிறது. டமாக்சிஃபென் அதை அடைப்பதில்லை. அந்தப் பகுதி வேலை செய்யுமா என்பது செல்லில் இருக்கும் துணைப் புரதங்களைப் பொறுத்தது. 2002-இல் யோங்ஃபெங் ஷாங், மைல்ஸ் பிரவுன் இருவரும் 'சயின்ஸ்' இதழில் விடையின் முக்கியப் பகுதியைத் தந்தார்கள். எஸ்.ஆர்.சி-1 என்ற துணைப் புரதம் அவர்கள் ஆராய்ந்த எண்டோமெட்ரியச் செல்களில் மிகுதி. மார்பகச் செல்களில் குறைவு. எண்டோமெட்ரியச் செல்லில் அதை அடக்கியபோது டமாக்சிஃபெனின் தூண்டுதலும் அடங்கியது. ஆக, ஒரு மருந்து ஏற்பிக்கு நண்பனா பகைவனா என்பதை அந்தத் திசுவில் இருக்கும் துணைப் புரதங்கள் தீர்மானிக்கின்றன.

எலியில் கண்டது பெண்களிலும் உறுதியானது. 13,388 பெண்கள் பங்கேற்ற அமெரிக்கத் தடுப்புச் சோதனை 1998-இல் முடிவை வெளியிட்டது: டமாக்சிஃபென் மார்பகப் புற்றை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது, எண்டோமெட்ரியப் புற்றை இரண்டரை மடங்காக்கியது. அபாயம் முக்கியமாக ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கே. அந்தச் சோதனையில் டமாக்சிஃபென் எடுத்தவர்களுக்கு வந்த எண்டோமெட்ரியப் புற்றுகள் எல்லாம் முதல் கட்டத்திலேயே கண்டறியப்பட்டன. இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவர் தந்த டமாக்சிஃபெனைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மார்பகப் புற்று வந்தவருக்கு அது தரும் நன்மை இந்த அபாயத்தைவிட மிகப் பெரிது. ரத்தப்போக்கு தெரிந்தால் அன்றே சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் கடைப்பிடிக்க வேண்டியது.

இவ்வளவு தூரம் படித்தவருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஒரு குற்றவாளியாகத் தெரியலாம். அது சரியான தீர்ப்பு இல்லை.

1983-இல் லெனின்கிராடில் யான் போக்மன் தாம் பார்த்த 366 நோயாளிகளை வைத்து, எண்டோமெட்ரியப் புற்று இரண்டு வகை என்று எழுதினார். முதல் வகை பருமனும் சர்க்கரை நோயும் மலட்டுத்தன்மையும் உள்ள பெண்களிடம், ஈஸ்ட்ரோஜன் மிகுதியில் பிறப்பது, மெதுவாக வளர்வது, புரொஜெஸ்டிரானுக்குப் பணிவது. இரண்டாவது வகையில் ஹார்மோன் கோளாறுக்கான அடையாளங்கள் தெரியாது, வேகமாகப் பரவும், உயிரைப் பறிக்கும். பின்னாளில் ஏற்பிகளைச் சாயமிட்டுப் பார்த்தபோது முதல் வகையில் அவை பெரும்பாலும் நிறைந்திருந்தன, இரண்டாவதில் பெரும்பாலும் குறைந்தோ மறைந்தோ இருந்தன. ஏற்பி உள்ள கட்டி இன்னும் தன் பிறந்த திசுவின் ஒழுங்கில் ஒரு பகுதியை வைத்திருக்கிறது. ஏற்பியை இழந்த கட்டிக்கு ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலும் தேவையில்லை. புரொஜெஸ்டிரானின் தடைக்கும் அது அடங்காது.

2013-இல் புற்று மரபணு வரைபடத் திட்டம் 373 கட்டிகளைப் படித்து, போக்மனின் இரண்டை நான்காகப் பிரித்தது. அதில் எந்தத் தனி அடையாளமும் இல்லாத ஒரு பெரிய பிரிவு எஞ்சியது. அந்தப் பிரிவுக்குள் யாருக்கு நோய் திரும்பும் என்று கணிப்பதில் இப்போது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியே உதவுகிறது. ஏற்பி உள்ள, செல்கள் அதிகம் உருக்குலையாத கட்டி என்றால் அறுவை சிகிச்சையோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஏற்பி இல்லையென்றால் மருத்துவர் கூடுதல் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும். பெரிய செலவில்லாத ஒரு சாயச் சோதனை தரும் விவரம் இது.

ஏற்பிக்கும் சிகிச்சைக்கும் உள்ள உறவு பழையது. 1961-இல் பாஸ்டனில் ரீட்டா கெல்லியும் வில்லியம் பேக்கரும், பரவிவிட்ட எண்டோமெட்ரியப் புற்றுள்ள 21 பெண்களுக்குப் புரொஜெஸ்டிரான் வகை மருந்து தந்தார்கள். ஆறு பேருக்குக் கட்டி சுருங்கியது. ஏற்பி என்றால் என்னவென்று மருத்துவர்கள் அறியாத காலம் அது. இன்று, குழந்தை வேண்டும் என்று விரும்பும் இளம்பெண்ணுக்கு ஆரம்பநிலைப் புற்று இருந்தால், கவனமான கண்காணிப்போடு புரொஜெஸ்டிரான் மாத்திரையோ, அந்த வகை மருந்தைக் கர்ப்பப்பைக்குள்ளேயே கசியவிடும் சிறு சாதனமோ தந்து கர்ப்பப்பையைக் காப்பாற்ற முடிகிறது. பலருக்குப் பலன் கிடைக்கிறது, ஆனால் நோய் திரும்புவதும் குறைவில்லை. அதனால் குழந்தைப்பேறு முடிந்ததும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள்.

புரொஜெஸ்டிரான் நீண்டநாள் தந்தால் அதன் ஏற்பியே குறைந்துபோகிறது. மருந்து பிடிமானம் இழக்கிறது. இதைச் சமாளிக்கக் கையாண்ட ஒரு வழி, உயிரியலின் நுட்பத்தை உணர்ந்தவர்களுக்கே தோன்றக்கூடியது. டமாக்சிஃபென் கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜனைப் போல நடந்துகொள்கிறது; ஈஸ்ட்ரோஜன் புரொஜெஸ்டிரான் ஏற்பியை உருவாக்குகிறது. அப்படியானால் மூன்று வாரம் மெஜெஸ்ட்ரால் என்ற புரொஜெஸ்டிரான் வகை மருந்து, மூன்று வாரம் டமாக்சிஃபென் என்று மாற்றி மாற்றித் தந்தால்? அமெரிக்க மகளிர் புற்றுநோய் ஆய்வுக் குழு 2004-இல் வெளியிட்ட முடிவில் 27 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. புற்றை உண்டாக்குவதாக அறியப்பட்ட மருந்து, அதே குணத்தால் சிகிச்சைக்குத் துணையானது. அண்மையில், ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுக்கும் லெட்ரசோலோடு, செல் பிரிதலைத் தடுக்கும் பால்போசிக்ளிபைச் சேர்த்துத் தந்த சோதனையில், ஏற்பி உள்ள முற்றிய புற்று அடங்கியிருந்த காலம் 3 மாதத்திலிருந்து 8.3 மாதமாக நீண்டது. சிலருடைய கட்டியில் ஏற்பியின் மரபணுவே திரிந்து, ஹார்மோன் இல்லாமலே எப்போதும் இயங்கும் நிலைக்குப் போய்விடுகிறது. அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுப்பது மட்டும் போதாது.

இந்தப் புற்றைப் பொறுத்தவரை வாசகருக்குச் சாதகமான ஒன்று உண்டு: இது பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. மாதவிடாய் நின்றபின் எண்டோமெட்ரியப் புற்று வந்த பெண்களில் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காட்டினருக்கு முதல் அறிகுறி ரத்தப்போக்கு. அந்த ரத்தப்போக்கோடு மருத்துவரிடம் வரும் நூறு பேரில் புற்று இருப்பது சுமார் ஒன்பது பேருக்கே என்பதால் அஞ்சி ஒளிக்கத் தேவையில்லை. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி பட்டாலும், வயதான காலத்தில் இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று கூசாமல், அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போய் ஸ்கேனும், தேவைப்பட்டால் பயாப்ஸியும் செய்துகொள்ளுங்கள். வீட்டில் அம்மாவோ அத்தையோ இருந்தால் நீங்களாகவே ஒருமுறை கேளுங்கள். புற்று என்று உறுதியானால், பயாப்ஸி அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரான் ஏற்பிகளைப் பார்த்திருக்கிறார்களா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.